வெள்ளை மலையில் விழுந்த வீரர்

கொடைக்கானலுக்கு அப்பால், படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு நடுவே அமைந்த பூம்பாறை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தென் பிரான்ஸின் மோன் வான்டூ மலையுச்சியும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால், அந்த உச்சியில் பசுமை இல்லை. வெயிலில் தகிக்கும் வெளிறிய சுண்ணாம்புக் கற்களே எங்கும். 1967 ஜூலை 13 அன்று, உச்சியை நெருங்கிய நிலையில், டாம் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் மிதிவண்டி வீரர் அங்கே சரிந்து விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 29.

சிம்ப்சன் 1937-இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அணிகளுக்கான போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பந்தயத்தையே பிழைப்பாகக் கொள்ள விரும்பி 1959-இல் பிரான்ஸுக்குச் சென்றார். 1962-இல் டூர் டி பிரான்ஸ் போட்டியில் முன்னிலை வீரருக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்த முதல் பிரிட்டிஷ்காரரானார். 1965-இல் சாலைப் பந்தயத்தில் உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார்.

இத்தனை புகழுக்குப் பின்னும் அவருடைய வருமானம் நிலையானதல்ல. டூர் முடிந்ததும் சிற்றூர்களில் நடக்கும் பந்தயங்களுக்கான அழைப்பும் அதற்குரிய தொகையும், டூரில் ஒருவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பொறுத்தே அமைந்தன. 1967-இல் வயிற்றுக் கோளாறால் வாடியபோதும் அவர் விலகவில்லை. பிரேதப் பரிசோதனையில் ஆம்ஃபெடமினும் மதுவும் கண்டறியப்பட்டன. களைப்பை மறைக்கும் அந்த மருந்து, நின்றுவிடு என்று உடல் விடுக்கும் எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறது. கடும் வெயிலில் அது உயிரையே பறிக்கும்.

பிரான்ஸ் 1965-லேயே ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியிருந்தது. சிம்ப்சனின் மரணத்துக்குப் பிறகு சோதனைகள் கடுமையாயின. ஆனால், சோதனைக்கு உள்ளானது வீரரின் உடல் மட்டுமே. அணியின் நடைமுறை அல்ல. 1998-இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் மருந்துகள் நிறைந்த காருடன் எல்லையில் பிடிபட்டபோதுதான், அணி நிர்வாகமே ஊக்கமருந்துப் பயன்பாட்டைத் திட்டமிட்டு நடத்தியது அம்பலமானது. மறு ஆண்டு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை உருவானது. ஆயினும், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்கள் பறிபோக 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிம்ப்சனின் பொறுப்பை மறுப்பதற்கில்லை. ஆனால், வெற்றியின் விளம்பரப் பயன் அணிக்கும் அதற்குப் பணம் தரும் நிறுவனத்துக்கும் சேர, பிடிபட்டால் வரும் இழப்பை வீரர் மட்டுமே சுமந்தால், தவறு தொடரவே செய்யும். இது பொருளியலின் எளிய பாடம். ஓராண்டுக்குள் இரு வீரர்கள் சிக்கினால் அணியை 15 முதல் 45 நாள் வரை விலக்கிவைக்க உலக மிதிவண்டிச் சம்மேளனத்தின் விதி இன்று இடமளிக்கிறது. வீரருக்கோ நான்கு ஆண்டுகள் வரை தடை!

ஆகவே, தூய்மை குறித்த அணிகளின் உறுதிமொழிகளை அறிக்கைகளைக் கொண்டு எடைபோடக் கூடாது. நோயுற்ற வீரர் வருமான இழப்பின்றி விலக முடிகிறதா, அணி மருத்துவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பவற்றை ஒப்பந்தங்களில் தேட வேண்டும். 2022-இல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றிய நம் நாட்டிலும், பயிற்சியாளர்களையும் அமைப்புகளையும் நோக்கி இதே கேள்விகள் எழ வேண்டும்.