முதல் புத்தகத்திலேயே ஹீரோவைக் கொன்றுவிட்டு, ஆறு புத்தகங்கள் பின்னோக்கிப் போனவர்: யார் இந்த ரஸ்ஸல் தார்ன்டைக்?

பகலில் ஊரே கையெடுத்துக் கும்பிடும் மனிதர். இரவானால் முகமூடி, கறுப்புக் குதிரை. கேட்டதுமே பேட்மேன்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால், பேட்மேன் காமிக்ஸில் வந்தது 1939இல். அதற்கு 24 வருஷம் முன்பே, 1915இல், இங்கிலாந்தில் 'டாக்டர் சின்' என்று ஒரு நாவல் வந்துவிட்டது. ஹீரோ ஒரு பாதிரியார். கென்ட் மாகாணக் கடற்கரையில் டிம்சர்ச் என்ற ஊரில் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்பவர். ராத்திரியில் அதே ஊரின் கடத்தல் கும்பலுக்குத் தலைவர். அதற்கும் முன்னால் அவர் கேப்டன் கிளெக் என்ற கடற்கொள்ளைக்காரர். கிளெக்கைத் தூக்கில் போட்டாச்சு என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

'டாக்டர்' என்றதும் ஸ்டெதஸ்கோப்பைத் தேட வேண்டாம், அது இறையியல் பட்டம். 'சின்' என்று சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'பாவம்' என்று காதில் விழும். எழுதியவர் வேண்டுமென்றே வைத்த பெயராகத்தான் இருக்கும்.

அந்த எழுத்தாளர் ரஸ்ஸல் தார்ன்டைக். 1885இல் ரோச்செஸ்டர் நகரில் பிறந்தவர். அப்பா அங்குள்ள பேராலயத்தில் குருவானவர். அதனால் சர்ப்ளிஸ் அங்கி, ஜெபம், ஆர்கன் இசை எல்லாம் ரஸ்ஸலுக்கு வீட்டுச் சமாச்சாரம். சின்ன வயதிலேயே விண்ட்சர் கோட்டை தேவாலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தார். அது விக்டோரியா மகாராணியின் கடைசி வருஷங்கள். அந்த நாட்களைப் பற்றிப் பின்னாளில் தனிப் புத்தகமே எழுதினார். பையனுக்கு ஆசை எல்லாம் நாடகத்தின் மேல். அக்கா சிபில் பியானோ படித்துக்கொண்டிருந்தார். கையில் பிரச்சினை வந்து பியானோவை விட வேண்டியதானபோது, நடிக்க வா என்று தூண்டியவர் இந்தத் தம்பிதான்.

அந்த அக்காதான் பின்னாளில் டேம் சிபில் தார்ன்டைக். பெர்னார்ட் ஷா 'செயின்ட் ஜோன்' நாடகத்தை அவரை மனதில் வைத்து எழுதினார். இங்கிலாந்தில் தார்ன்டைக் என்றால் முதலில் சிபில்தான். ரஸ்ஸலும் சும்மா இல்லை, 1929இல் அக்காவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரே அவர்தான்!

ஜன்னலுக்குக் கீழே ஒரு பிணம்

டாக்டர் சின் பிறந்த கதை கொஞ்சம் திகிலானது. 1900களின் முதல் பத்தாண்டில் அக்காவும் தம்பியும் பென் கிரீட்டின் நாடகக் குழுவோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் ஊரில் தங்கியிருந்த இரவு, ஓட்டலுக்கு வெளியே ஒரு கொலை. உடல் ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்தது. தூக்கம் எங்கே வரும்? இருவரும் விடிய விடிய உட்கார்ந்து ஒரு பேய்க்கதை கட்டினார்கள். பயத்தை விரட்ட இன்னும் பெரிய பயம். அந்த ராத்திரியில் உருவானவர்தான் இந்தப் பாதிரியார்.

கதைக்களத்துக்கு ரஸ்ஸல் சொந்த மாகாணத்துக்கே திரும்பினார். டிம்சர்ச் இருக்கும் ராம்னி மார்ஷ், கடலுக்குக் கரை கட்டி மீட்ட சதுப்பு நிலம். எதிர்க்கரையில் பிரான்ஸ். 18ஆம் நூற்றாண்டில் கடத்தலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. கம்பளியை வெளியே அனுப்பத் தடை, அது அங்கிருந்து பிரான்ஸுக்குப் போனது. பிராந்தியும் தேயிலையும் இங்கே வந்தன. 1784க்கு முன் தேயிலைக்கு வரி 119 சதவீதம், அதாவது சரக்கின் விலையைவிட வரி அதிகம். அந்த வருஷம் அதை 12.5 சதவீதமாகக் குறைத்ததுமே தேயிலைக் கடத்தலில் லாபம் போய்விட்டது. வரி அப்படி இருந்த காலத்தில், கடத்தல்காரன் ஊர்க்காரர்கள் கண்ணுக்குத் திருடனாகத் தெரியவில்லை. ராத்திரி சோளக்கொல்லை பொம்மை வேஷத்தில் குதிரையேறும் பாதிரியாரை டிம்சர்ச் காட்டிக்கொடுக்காமல் இருப்பது இந்த மண்ணில் நம்பும்படியாகவே இருக்கிறது. தேவாலயத்தின் கோயில்பிள்ளையான மிஸ்டர் மிப்ஸே அவருடைய பழைய கப்பல் கூட்டாளி!

முதல் நாவலின் டாக்டர் சின் நல்லவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சினிமா பார்த்தவர்கள் அவரை ராபின் ஹுட் மாதிரி நினைக்கிறார்கள். ஏழைகளுக்கு இரங்குவார், உண்மை. ஆனால், கொள்ளைக்காரராக இருந்தபோது செய்த ஒரு கொடூரம் கதை முழுக்கத் துரத்துகிறது. கடைசியில் அதுவே அவரைப் பழிவாங்குகிறது. டாக்டர் சின் சாகிறார், கதை முடிகிறது.

போரிலிருந்து திரும்பியவர்

புத்தகம் வருவதற்குள் முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. தம்பி ஃபிராங்க்கோடு சேர்ந்து ரஸ்ஸலும் ராணுவத்தில் சேர்ந்தார். உடல் பாதிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஃபிராங்க் 1917இல் போரில் இறந்தார். லண்டன் ஓல்ட் விக் அரங்கில் ஆண் நடிகர்கள் போருக்குப் போய்விட்டதால் சிபில் ஆண் வேடங்களும் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ரஸ்ஸலும் அந்த மேடைக்கே திரும்பினார். ஷேக்ஸ்பியர், 1922இல் 'பியர் கின்ட்' கதாநாயகன் என்று பெரிய வேடங்கள் கிடைத்தன. டாக்டர் சின் நாடகமானபோது அந்த வேடத்தையும் தானே போட்டார்.

ஆனால், வாசகர்களுக்கு இன்னும் வேண்டும். ஹீரோதான் செத்துப்போயாச்சே, என்ன செய்வது? 20 வருஷம் கழித்து, 1935இல், 'டாக்டர் சின் ரிட்டர்ன்ஸ்' வந்தது. பெயர்தான் ரிட்டர்ன்ஸ், கதை நடப்பது அவர் சாவதற்கு முன்னால்! இன்றைய மொழியில் ப்ரீக்வல். 1944க்குள் இப்படி ஆறு புத்தகங்கள். அதில் ஒன்று, ஆக்ஸ்போர்டில் படித்த இளம் பாதிரியார் ஏன் கொள்ளைக்காரர் ஆனார் என்று சொல்கிறது: நண்பன் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். காரணம் தெரிந்ததும் அவர் மேல் பரிதாபம் வருகிறது. முதல் புத்தகத்தில் காரணமே தெரியாமல் வந்த பயம் காணாமல் போகிறது. எனக்கு அந்தப் பழைய, விளக்கம் இல்லாத பாதிரியாரைத்தான் பிடிக்கும்.

சினிமா இன்னும் ஒரு படி மேலே போனது. 1937 படத்தில் ஜார்ஜ் ஆர்லிஸ் நடித்த டாக்டர் சின் சாகவே இல்லை, கடலில் தப்பிவிடுகிறார். 1962இல் ஹேமர் நிறுவனம் பீட்டர் குஷிங்கை வைத்து எடுத்தபோது, பெயர் உரிமை டிஸ்னியிடம் இருந்ததால் ஹீரோ பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. 1963இல் வந்த டிஸ்னி வடிவத்தில் பேட்ரிக் மக்கூஹன் நடித்தார். அதில் கடற்கொள்ளைக்காரர் என்ற பழைய வாழ்க்கையே கிடையாது. குழந்தைகளும் பார்க்க வேண்டுமே!

இந்தக் காலத்தில் ரஸ்ஸலுக்குக் கிடைத்த சினிமா வேடங்கள் சின்னவை. லாரன்ஸ் ஒலிவியேயின் 'ஹாம்லெட்' (1948) பார்த்தால், ஒஃபீலியாவின் அடக்கத்தில் வரும் பாதிரியாரைக் கவனியுங்கள். அது இவர்தான். குருவானவர் வீட்டுப் பையன் கடைசியில் அங்கி போட்டது கேமரா முன்னால்.

1972 நவம்பரில், 87 வயதில் ரஸ்ஸல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து இறந்த சிபிலின் அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. ரஸ்ஸலின் நினைவு டிம்சர்ச்சில்தான். 1964இல் தொடங்கிய 'டே ஆஃப் சின்' விழாவில், ஊர்க்காரர்கள் கடத்தல்காரர்களாகவும் சிப்பாய்களாகவும் வேஷம் கட்டித் தெருவில் சண்டை போடுகிறார்கள். அந்தக் கடற்கரையோரம் 15 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயிலில் ஒரு எஞ்சினுக்கு 'டாக்டர் சின்' என்று பெயர். எழுத்தாளர் பெயரில் எஞ்சின் இல்லை.