விட்ட படிப்பைத் தொட்டவர்

பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், முதன்மைப் பாடமான பொருளாதாரத்துடன் நின்றுவிடவில்லை. வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல் வகுப்புகளிலும் அமர்ந்தார். தொடக்கநிலை பிரெஞ்சு, ஜெர்மன் பாடங்களையும் விடவில்லை. மதிப்பெண்ணுக்கு உதவாத பாடம் எதற்கு என்று கேட்ட மாணவர்களையே என் பணிக்காலத்தில் அதிகம் கண்டிருக்கிறேன்.

1916-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட, படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. பின்னர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். பலரும் அத்துடன் அமைதி கொண்டிருப்பர். அவரோ சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னரின் உதவியையும் நண்பரிடம் பெற்ற கடனையும் சேர்த்துக்கொண்டு, 1920-இல் மீண்டும் லண்டன் சென்றார். அருங்காட்சியக நூலகமே அவருக்குப் பகல்நேர வீடாயிற்று. ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக 1923-இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32.