17 நொடி இசை

லேப்டாப்ல நீங்களே கோட் எழுதி ஒரு சின்ன சின்தசைசர் செஞ்சிருப்பீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்போன்ல போட்டுக் கேட்டா, கொசு கத்துற மாதிரி இருந்திருக்கும். யார்கிட்டயும் காட்டாம ஃபோல்டரை மூடிட்டுத் தூங்கியிருப்பீங்க. நானும் அதே கேஸ்தான். அதை டெலீட் பண்றதுக்கு முன்னாடி, மேக்ஸ் மேத்யூஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

1926-ல அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துல, கொலம்பஸ்ங்கிற ஊர்ல பிறந்தவர். ஸ்கூல்ல வயலின் கத்துக்கிட்டார். ஆசை நிறைய, ஆனா விரல் ஒத்துழைக்கலை. தான் பெரிய வயலின் கலைஞர் இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டவர். படிச்சது எலக்ட்ரிக்கல். 1954-ல எம்ஐடியில டாக்டரேட் முடிச்சு, அடுத்த வருஷம் நியூ ஜெர்சியில இருந்த பெல் லேப்ஸ்ல சேர்ந்தார்.

அங்க அவர் வேலை இசை இல்லை, டெலிபோன். பேச்சை எண்களா மாத்தி கம்ப்யூட்டருக்குள்ள அனுப்பி, திரும்ப ஒலியா வெளியே எடுத்து ஆராய்ச்சி பண்ணாங்க. இப்ப யோசிங்க. எண்கள் ஒலியா மாறும்னா, அந்த எண்களை மைக் எதுக்குக் கொடுக்கணும்? நாமளே எழுதிட்டா?

1957-ல மேத்யூஸும் அவரோட மேலதிகாரி ஜான் பியர்ஸும் ஒரு கச்சேரிக்குப் போனாங்க. இடைவேளையில, கம்ப்யூட்டரை வெச்சு இசை பண்ற ப்ரோக்ராம் ஒண்ணு எழுதிப் பாருன்னு பியர்ஸ் சொன்னார். மேத்யூஸ் எழுதினார். பேரு மியூசிக். ஓட்டினது நியூயார்க்ல இருந்த ஐபிஎம் 704 மெஷின்ல. அங்க கிடைச்ச மேக்னடிக் டேப்பைத் தூக்கிக்கிட்டு நியூ ஜெர்சிக்குத் திரும்பி வந்தாதான் என்ன வந்திருக்குன்னே கேட்க முடியும்!

வந்தது 17 நொடி. நியூமன் கட்மன் அமைச்ச ஒரு சின்ன மெட்டு. ஒரே குரல், ஒரே முக்கோண அலை. கேட்க அப்படியொண்ணும் சுகமா இருக்காது, மேத்யூஸுக்கும் அது தெரியும். ஆனா அவர் அதை ஒளிச்சு வைக்கலை. அடுத்த வெர்ஷன் எழுத உட்கார்ந்தார்.

ரெண்டாவதுல நாலு குரல் வந்தது. மூணாவதுலதான் பெரிய விஷயம் நடந்தது. ரெடிமேட் வாத்தியம் கொடுக்கிறதுக்குப் பதிலா, ஆஸிலேட்டர், ஆடர் மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளைக் கொடுத்தார். எதை எதோட இணைக்கணும்னு இசையமைப்பாளரே முடிவு பண்ணி, தன் வாத்தியத்தைத் தானே கட்டிக்கலாம். இன்னைக்கு ப்யூர் டேட்டாவுல பெட்டிக்குப் பெட்டி ஒயர் இழுக்கிறீங்களே, அதோட வேர் இதுதான்.

1968 வாக்குல வந்த அஞ்சாவது வெர்ஷனை ஃபோர்ட்ரான்ல எழுதினார், மத்த இடங்கள்ல இருக்கிற மெஷின்லயும் ஓடணும்னுதான். அடுத்த வருஷமே எல்லாத்தையும் விளக்கி ஒரு புத்தகமும் போட்டார். தெரிஞ்சதைப் பூட்டி வைக்கிற ஆள் இல்லை.

ஆனா ஒரு குறை பாக்கி இருந்தது. கார்டைக் கொடுத்துட்டுக் காத்திருக்கிறது கச்சேரி ஆகுமா? வாசிக்கிறவர் கை அசையும்போதே ஒலியும் மாறணும். 1970 வாக்குல ரிச்சர்ட் மூரோட சேர்ந்து, இசை ஓடிக்கிட்டிருக்கும்போதே கட்டுப்படுத்துற க்ரூவ் சிஸ்டத்தைச் செஞ்சார். பிறகு ரேடியோ பேட்டன். ரெண்டு குச்சியை ஒரு பலகைக்கு மேல அசைச்சா, கம்ப்யூட்டர் வாசிக்கும். வயலின்ல விரல் ஓடாதவர், தனக்கு ஏத்த வாத்தியத்தைத் தானே செஞ்சுக்கிட்டார்.

1987-ல பெல் லேப்ஸை விட்டு ஸ்டான்ஃபோர்ட் போனார். அதே பல்கலைக்கழகத்துல 2008-ல லேப்டாப் ஆர்க்கெஸ்ட்ரா ஒண்ணு ஆரம்பிச்சது. ஸ்டூடன்ட்ஸே வாத்தியத்தைக் கோட் பண்ணி, ஸ்பீக்கரைக்கூட ஐகியா சாலட் கிண்ணத்துல செஞ்சு, சொந்த இசையை மேடையில வாசிச்சாங்க. மேத்யூஸுக்கு அப்ப 80 வயசு தாண்டியாச்சு. 2011 ஏப்ரல் 21-ல, 84 வயசுல காலமானார். இசைக்காரங்க இன்னைக்கும் பயன்படுத்துற மேக்ஸ்ங்கிற மென்பொருளுக்கு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க.

டேப்பைத் தூக்கிக்கிட்டு ஊர் விட்டு ஊர் போகவேண்டிய கஷ்டம் நமக்கு இல்லை. அந்த ஃபோல்டரை இன்னைக்கு ராத்திரி திறங்க. கொசு சத்தமா இருந்தாலும் பரவாயில்லை, ரூம்மேட்டை எழுப்பி 17 நொடி போட்டுக் காட்டுங்க. திட்டுவான். அப்புறம் ரெண்டாவது வெர்ஷனை ஆரம்பிங்க.