பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட அறிஞர் பினே



பரிசு வாங்கும் பிள்ளைகளுக்குக் கைதட்டும் இந்த நன்னாளில், எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளையையும் சற்று நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பாடுபட்ட ஓர் அறிஞரின் வாழ்க்கை இது.

அவர் பெயர் ஆல்ஃபிரெட் பினே. இன்று பிரான்சு நாட்டில் இருக்கும் நீஸ் நகரத்தில் 1857-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் பிறந்தார். சட்டம் படித்தார், மனம் அதிலே ஒட்டவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து மனநூல் புத்தகங்களைத் தாமாகவே படித்தார். தம்முடைய மகள்கள் மதலேன், ஆலிஸ் இருவரையும் சிறு வயது முதலே உற்றுக் கவனித்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனாலும் யோசிக்கும் விதம் ஆளுக்கொரு மாதிரி இருந்தது. 1894-இல் சோர்போன் மனநூல் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

பிரான்சில் 1882-இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். சிலருக்குப் பாடம் ஏறவில்லை. இவர்களை என்ன செய்வது என்று ஆராய 1904-இல் அரசாங்கம் குழு அமைத்தது. பினேயும் அதில் இருந்தார். முறைப்படி சோதிக்காமல் எந்தப் பிள்ளையையும் சாதாரண வகுப்பை விட்டு அனுப்பக் கூடாது என்றது அந்தக் குழு.

1905-இல் சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து 30 சோதனைகளை பினே உருவாக்கினார். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, தூக்கிப் பார்த்து எது கனம் என்று சொல்வது, படத்தில் உள்ளதைக் காட்டுவது என்று இருந்தன. புத்தகம் வாசிக்கும் வேலை இல்லை. ஆகவே வாசிக்கத் தெரியாத பிள்ளையும் தன் அறிவைக் காட்ட முடிந்தது.

அதற்கு முன்பே, 1896-இல், இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். கெட்டிக்காரன், கணக்கு வரும், வாசிப்பு மட்டும் வராது. இதைத்தான் இன்று டிஸ்லெக்சியா என்கிறார்கள். பினேயின் சோதனை இதற்கென்று செய்யப்பட்டதல்ல. ஆனாலும் அறிவு வேறு, வாசிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழி அதிலே இருந்தது.

பயிற்சி கொடுத்தால் அறிவு வளரும் என்று 1909-இல் பினே நூல் எழுதினார். 1911 அக்டோபரில், 54 வயதில் காலமானார். அவருக்குப் பிறகு அமெரிக்காவில் சிலர் அதே சோதனையை வைத்து மனிதர்களுக்கு முத்திரை குத்தினார்கள். உதவி செய்ய வந்த கருவி அப்படியும் பயன்பட்டது.

பெற்றோர்களே! ஜாசினோ அலோர் காஜாவோ, தோட்டமோ டவுனோ, எங்கே இருந்தாலும் இதை மறக்காதீர்கள். எழுத்தைத் திருப்பிப் போடுகிறான், நேற்றுப் படித்தது இன்றைக்கு ஞாபகம் இல்லை என்றால் பிரம்பைத் தேடாதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். டிஸ்லெக்சியாவுக்கான சரிபார்ப்புப் பட்டியல் பள்ளிக்கூடத்துக்கு உண்டு. அரசாங்க கிளினிக்கில் கண்ணையும் காதையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கடிதம் வாங்கி மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வெட்கப்பட்டு ஒரு வருஷம் தள்ளிப் போட்டால், அந்த வருஷம் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பக்கத்தில் ஒருவன் வாசிக்கத் திணறினால் மக்கு என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள். பினே விரும்பியதும் அதுவே.