கடன் வாங்கிப் படித்த மாணவர்

தோட்டத்து மக்களாகிய நமக்கு டாக்டர் அம்பேத்கரைத் தெரியாமல் இருக்காது. கண்ணாடி போட்டு, கோட்டு அணிந்து, கையில் புத்தகத்தோடு இருக்கும் அவருடைய படத்தை எங்காவது பார்த்திருப்போம். இந்தியாவின் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், அவர் ஒரு காலத்தில் அந்நிய நாட்டில் அரை வயிற்றோடு படித்தவர், படிப்பை முடிக்க நண்பரிடம் கடன் வாங்கியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம். பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பலாமா, பணத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக் கொண்டிருக்கும் பெற்றோர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சாக்குத் துணியில் உட்கார்ந்த பையன்

பீமராவ் பிறந்தது 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்ற பட்டாள ஊரில். தகப்பனார் ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பெற்றோருக்கு இவர் 14-வது பிள்ளை. சின்ன வயதிலேயே தாயார் காலமாகி விட்டார்.

அவர்கள் மகார் சாதி. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்த சாதி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துணியைக் கொண்டு போய், ஒரு மூலையில் விரித்து உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்து விட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தண்ணீரும் இல்லை.

இந்த அவமானத்தை எல்லாம் விழுங்கிக் கொண்டு 1907-இல் மெட்ரிக்குலேஷன் பாஸ் செய்தார். அந்தச் சாதியில் அது பெரிய காரியம். பாராட்டுக் கூட்டமே நடந்தது. கேலுஸ்கர் என்ற ஆசிரியர் பையனின் திறமையைப் பார்த்து, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அழைத்துப் போனார். மன்னர் மாதம் 25 ரூபாய் உதவித் தொகை கொடுத்தார். அதைக் கொண்டு பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார்.

1913 பிப்ரவரியில் தகப்பனார் கண் மூடினார். மகனுடைய புத்தகத்துக்காக மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்த தகப்பன் அவர். படிப்பு வீண் போகக் கூடாது என்ற வைராக்கியம் மகனுக்கு அன்றைக்கே ஏறி விட்டது.

நியூயார்க்கில் ஒரு நண்பர்

அதே ஆண்டில் பரோடா மன்னர் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். மூன்று ஆண்டுகள், மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித் தொகை. திரும்பி வந்த பிறகு பத்து ஆண்டுகள் பரோடா அரசாங்கத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1913 ஜூலை மாதம் நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கினார். வயது 22. ஊரில் மனைவி ரமாபாய், கைக்குழந்தை யஷ்வந்த்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் தங்கிய மாணவர் விடுதியில் சாப்பாடு ஒத்துக் கொள்ளவில்லை. இந்திய மாணவர்கள் சிலர் இருந்த இடத்துக்குப் போனார். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹால் என்ற விடுதியில் இடம் கிடைத்தது. அங்கேதான் நவல் பதேனா என்ற பம்பாய் மாணவர் நண்பரானார். பதேனா ஒரு பார்சி. பல நூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து வந்து மேற்கு இந்தியாவில் குடியேறிய சமூகம் பார்சிகள். பணமும் படிப்பும் உள்ளவர்கள். பம்பாயிலே இருந்திருந்தால் ஒரு பார்சி வீட்டுப் பிள்ளையும் ஒரு மகார் வீட்டுப் பிள்ளையும் இப்படி நெருங்கிப் பழகியிருப்பார்களா? சந்தேகந்தான். கடல் தாண்டியதால் அந்த நட்பு உண்டாயிற்று.

அங்கே நீ என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரோடும் ஒரே மேசையில் சாப்பாடு. யாரும் குடித்த குவளையிலே தண்ணீர். வெளிநாட்டில் இருந்த காலத்தில் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே தமக்கு மறந்து போனதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சாக்குத் துணியில் உட்கார்ந்து படித்தவருக்கு அது எப்படிப்பட்ட விடுதலையாக இருந்திருக்கும் என்று நாம் நினைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்கா வேடிக்கைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் அவருடைய பொழுது புத்தகத்திலேயே போயிற்று. பொருளாதாரம், சரித்திரம், சமூகவியல், தத்துவம், மானிடவியல், அரசியல் என்று எத்தனையோ பாடங்களைப் படித்தார். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள். செலிக்மன், ஜான் டூயி போன்ற பெரிய பேராசிரியர்களிடம் கற்றார். கையில் மிஞ்சிய காசில் பழைய புத்தகக் கடைகளை அலசினார். ஏறக்குறைய இரண்டாயிரம் புத்தகங்கள் சேர்ந்தன. சாப்பாட்டில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் பணம் அனுப்பினார்.

அந்த நேரத்தில் லாலா லஜபதி ராய் நியூயார்க்கில் இருந்தார். இந்திய விடுதலைக்காக மாணவர்களைச் சேர்த்துக் கொண்டிருந்தார். இவரையும் அழைத்தார். முதலில் படிப்பை முடிக்க வேண்டும், உதவி செய்த மன்னருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி அவர் மரியாதையாக ஒதுங்கிக் கொண்டார்.

நம் பெண்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நியூயார்க்கிலிருந்து தகப்பனாரின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தால்தான் சமூகம் வேகமாக முன்னேறும் என்று வற்புறுத்தினார். மாணவராக இருக்கும் போதே அந்த எண்ணம்!

1915-இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916 மே மாதம் இந்தியாவில் சாதி எப்படி உண்டாயிற்று என்பது பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். தம்மை மூலையில் உட்கார வைத்த அந்தச் சாதியையே ஆராய்ச்சி மேசையில் வைத்து அறுத்துப் பார்த்து விட்டார்.

கடலில் மூழ்கிய புத்தகங்கள்

1916-இல் லண்டனுக்குப் போய், பொருளாதாரக் கல்லூரியிலும் பாரிஸ்டர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆனால் 1917-இல் உதவித் தொகை முடிந்து விட்டது. பாதியில் எழுந்து போக வேண்டிய நிலைமை. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக் கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

அது முதல் உலகப் போர்க் காலம். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் குறி பார்த்துக் கொண்டிருந்தன. அவர் ஒரு கப்பலில் வந்தார். பெட்டிகளும் புத்தகங்களும் வேறு கப்பலில் வந்தன. கப்பல் ஒன்று மூழ்கிவிட்டது என்ற செய்தி கேட்டு வீட்டார் கலங்கிப் போனார்கள். விசாரித்த பிறகுதான் மூழ்கியது சாமான் ஏற்றிய கப்பல் என்று தெரிந்தது. உயிர் தப்பியது. வயிற்றைக் கட்டி வாங்கிய புத்தகங்களில் பல கடலுக்குப் போயின. நஷ்ட ஈடாகக் கிடைத்த 600 ரூபாயை எடுத்துக் கொண்டுதான், ஒப்பந்தப்படி வேலை செய்யப் பரோடாவுக்கு ரயில் ஏறினார்.

பரோடாவில் நடந்தது

அமெரிக்காவில் படித்த எம்.ஏ. பட்டதாரி, அரசாங்க உத்தியோகம். ஆனால் பரோடாவில் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளின் சத்திரம் ஒன்றில் காவல்காரரின் சம்மதத்தோடு, பார்சி போலப் பெயர் பதிந்து தங்கினார். அலுவலகத்தில் சேவகர்கள்கூடக் கோப்புகளை எட்ட நின்று மேசையில் வீசினார்கள்.

11-வது நாள் காலையில் பார்சிகள் சிலர் தடியோடு வந்து நின்றார்கள். சத்திரத்தைத் தீட்டுப்படுத்தி விட்டாய், சாயந்திரத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டினார்கள். இரண்டு நண்பர்களிடம் போய் இடம் கேட்டார். ஒருவர், உங்களைச் சேர்த்தால் வீட்டு வேலைக்காரர்கள் ஓடிப் போவார்கள் என்றார். மற்றவர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினார். கடைசியில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்து, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அந்தத் தடியும் மிரட்டலும் நினைவுக்கு வரும் போதெல்லாம் கண் கலங்கியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு பார்சி நண்பரோடு நியூயார்க்கில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவரைப் பார்சிகளே தடி எடுத்து விரட்டினார்கள். வேறு ஒருவராக இருந்தால் இந்தச் சமூகமே இப்படித்தான் என்று நவல் பதேனாவையும் தள்ளி வைத்திருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. சத்திரத்து ஆட்களின் குற்றத்தை நண்பன் தலையில் ஏற்றவில்லை. பதேனாவும் இவரைக் கைவிடவில்லை.

அப்பளம் தின்ற இரவுகள்

1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அந்தச் சம்பளத்தில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் பாதியில் விட்ட படிப்பு உறுத்திக் கொண்டே இருந்தது. சிக்கனமாக இருந்து பணம் சேர்த்தார். போதவில்லை. கோல்ஹாப்பூர் மன்னர் 1,500 ரூபாய் உதவினார். நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். அவருடைய கல்லூரிச் சம்பளத்தில் அது பதினொரு மாதப் பணம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நண்பன் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தால் இவ்வளவு கொடுப்பார்!

1920 ஜூலையில் மீண்டும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். காலையில் வீட்டுக்காரம்மா கொடுக்கும் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன், ஒரு கோப்பைத் தேநீர். அதைச் சாப்பிட்டு விட்டுப் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்கு நடந்தே போவார். மூடும் வரை படிப்பு. இரவு பசி வயிற்றைக் கிள்ளும். பம்பாய் நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டு, அறைத் தோழரோடு பகிர்ந்து தின்பார். பிறகு விடிய விடியப் படிப்பு. போதும், படுங்கள் என்று தோழர் கெஞ்சினால், தூங்குவதற்குத் தம்மிடம் நேரமும் இல்லை, பணமும் இல்லை என்பார்.

ஊரில் ரமாபாய் பட்ட பாடும் கொஞ்ச நஞ்சமல்ல. அந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். கணவர் கடல் தாண்டிப் படித்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மாள். பட்டத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் பங்கு உண்டு.

1921-இல் எம்.எஸ்ஸி. அடுத்து ரூபாய் நாணயத்தின் பிரச்சினை பற்றி ஓர் ஆராய்ச்சி. அதைத் திருத்தி எழுதும்படி பேராசிரியர்கள் சொல்லி விட்டார்கள். கையில் காசு தீர்ந்ததால் 1923 ஏப்ரலில் ஊர் திரும்பி, பம்பாயிலிருந்தே திருத்தி அனுப்பினார். அதே ஆண்டில் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. பாரிஸ்டரும் ஆகி விட்டார். ஆனால் வக்கீலாகப் பதிந்து கொள்ளக் கட்டணம் கட்டப் பணம் இல்லை. அந்தப் பணத்தையும் கொடுத்தவர் யார்? நவல் பதேனாவேதான்.

படிப்பு யாருக்குப் பயன்பட்டது?

பாரிஸ்டர் அம்பேத்கர் அந்தப் படிப்பைத் தமக்காக மட்டும் வைத்துக் கொள்ளவில்லை. 1927-இல் மகாட் என்ற ஊரில், தாழ்த்தப்பட்ட மக்கள் தொடக் கூடாது என்றிருந்த பொதுக் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு இறங்கித் தண்ணீர் குடித்தார். சேவகருக்காகக் காத்திருந்த அந்தப் பையன்தான்! 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942 முதல் 1946 வரை அரசாங்கத்தில் தொழிலாளர் இலாகாவைக் கவனித்தார். 1946-இல் ஏழை மாணவர்களுக்காகப் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி ஏற்பட வழி செய்தார். 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரானார். அவர் தலைமையில் வரையப்பட்ட அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1952-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரை அழைத்துக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் மறைந்தார்.

அவருடைய மூளை அவருடையது, உழைப்பும் அவருடையது. ஆனாலும் ஒரு ஆசிரியர், இரண்டு மன்னர்கள், ஒரு மனைவி, ஒரு நண்பர் இவர்கள் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு பாதி வழியில் நின்றிருக்கும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்க நாம் தயங்குவதில்லை. மொய் எழுத லயமே திரண்டு வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, கட்டணம் கட்ட வழியில்லை என்று கேள்விப்பட்டால் அதே போல நாம் திரளுகிறோமா? தனியாக ஐயாயிரம் கொடுக்க நம்மால் ஆகாது. பத்து வீடு சேர்ந்தால் ஆகும்.

வெளியூரில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே சாதி பாராமல், இனம் பாராமல் நண்பர்களைத் தேடிக் கொள்ளுங்கள். யாரோ ஒருவர் அவமதித்தார் என்பதற்காக அவர் கூட்டத்தையே வெறுத்து விடாதீர்கள். அந்தக் கூட்டத்திலேயே உங்களுக்கும் ஒரு நவல் பதேனா இருக்கலாம்.