எண்கடல் கண்ட மகாவீராசாரியர்

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலைப் புதுப்பித்தார். அதே நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கன் ஆட்சியில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் மகாவீராசாரியர் ஆவார்.

கி.பி. 850ஐ ஒட்டி அவர் வடமொழியில் இயற்றிய 'கணித சார சங்கிரகம்' 9 அதிகாரங்கள் கொண்டது. வர்த்தமான மகாவீரரை வணங்கித் தொடங்கும் அவர், எண்ணறிவு என்னும் பெருங்கடலினின்றும் தம் அறிவுக்கு எட்டிய மணிகளையே திரட்டியதாக அடக்கத்துடன் மொழிகின்றார். 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். 1912இல் சென்னையில் பேராசிரியர் ரங்காசாரியார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

மிகை எண்ணாயினும் குறை எண்ணாயினும் அதன் வர்க்கம் மிகையே. ஆதலின் குறை எண் இயல்பிலேயே வர்க்கம் ஆகாது. அதற்கு வர்க்கமூலமும் இல்லை என்று ஆசாரியர் தெளிவுற உரைத்தார். இன்றோ பள்ளியில் அம்மூலத்தையே கற்பனை எண் என்று கற்பிக்கின்றோம். ஆயின் ஆசாரியர் பிழைத்தாரா? கோட்டைப்பட்டினத்தில் நான் கணிதம் கற்பித்த நாள்களில் மாணவியர் கேட்ட வினா இது.

கடற்கரை மணலில் ஒரு கோடு கிழித்து, நடுவில் 0 இடுக. வலப்புறம் மிகை எண்கள். இடப்புறம் குறை எண்கள். ஓர் எண்ணைக் குறை 1ஆல் பெருக்கினால் அது 0வைச் சுற்றி அரைவட்டம் திரும்பும். இருமுறை செய்தால் அரைவட்டம் ஆகும் செயல் எது? கால்வட்டத் திருப்பமே. அது கோட்டை விட்டு விலகி, மணற்பரப்பில் நேர்மேலே கொண்டு நிறுத்தும். அவ்விடமே குறை 1இன் மூலம். நில அளவையாளர் வெசல் 1797இலும், ஆர்கண் 1806இலும் இப்படத்தை உலகிற்கு அளித்தனர்.

ஓர் எண்ணின் வர்க்கத்தினின்றும் அதன் 4 மடங்கைக் கழித்து 5 கூட்டினால் 0 வரவேண்டும் என்க. இதன் வரைபடமாகிய பரவளையம், 2க்கு மேலே ஓர் அலகு உயரத்தில் நின்றுவிடும். கிடை அச்சைத் தொடாது. அதனை அடிமுனையில் தலைகீழாகக் கவிழ்த்தால் அச்சை 1, 3 என்னும் இடங்களில் வெட்டும். அவ்விரு புள்ளிகளையும் 2ஐ மையமாக்கிக் கால்வட்டம் திருப்புக. 2க்கு நேர்மேலே ஒன்றும் நேர்கீழே ஒன்றுமாக அமையும். எண்பரப்பில் அவையே சமன்பாட்டின் கலப்பெண் மூலங்கள்.

ஆகவே கோட்டின் நோக்கில் மூலம் இல்லை. பரப்பின் நோக்கில் உண்டு. அநேகாந்தம் பயின்ற நமக்கு இதில் முரண் இல்லை. பின்னோர் கண்டதையும் ஆசாரியர்க்கே ஏற்றிப் புகழ்தல் வேண்டா. தாம் கண்ட எல்லையை ஐயமறக் கூறிய வாய்மையே அவர்தம் பெருமை. இல்லத்துச் சிறார்க்கு இப்படத்தை வரைந்து காட்டி, அவர் பெயரையும் சொல்வோமாக.