செடிகளால் ஓவியம் தீட்டியவர்

தஞ்சோங் மாலிமில் கொமியூட்டர் இரயில் ஏறிக் கோலாலம்பூர் செல்வோர் பலர், இரட்டைக் கோபுரத்தை அடுத்துள்ள பூங்காவில் சற்று நேரம் உலவி வருவர். 50 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்காவில் வளைந்து செல்லும் பாதைகளும் ஏரியும் அடர்ந்த மரங்களும் உள்ளன. அதனை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டு ஓவியர் ரொபர்ட்டோ பர்லே மார்க்ஸ்.

இவர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் சாவ் பாவ்லோ நகரில் பிறந்தார். 1928-இல் குடும்பத்துடன் பெர்லின் சென்றார். அங்குள்ள தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் பிரேசில் நாட்டுச் செடிகள் செழித்து நின்றன. அவர் வியந்து போனார். அவருடைய ஊரில் அவை வெறும் காட்டுப் புதர்கள். செல்வந்தர்கள் தங்கள் தோட்டங்களில் ஐரோப்பியப் பூச்செடிகளையே விரும்பி வளர்த்தனர். சொந்த மண்ணின் அழகைக் கடல் கடந்து போய்த்தான் அவர் கண்டார்!

நாடு திரும்பியதும் ஓவியக் கல்வி பயின்றார். 1934-இல் ரெசிஃபே நகரப் பூங்காக்களின் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே ஒரு சதுக்கத்தில் வறண்ட நிலத்துக் கள்ளிச் செடிகளை நட்டார். நகருக்குள் காட்டைக் கொண்டு வருகிறார் என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஆயினும், அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

அரூப ஓவியத்தில் மனிதரோ மரமோ இருக்க வேண்டியதில்லை. வண்ணமும் வடிவமுமே பேசும். பர்லே மார்க்ஸ் அம்முறையைத் தரையில் கையாண்டார். ஒரே நிறச் செடிகளைப் பெரிய திட்டாக நட்டு, அதன் அருகே வேறு நிறத் திட்டை வளைவாக இணைத்தார். ஆனால், தீட்டிய வண்ணம் அப்படியே இருக்கும்; செடியோ வளரும், பூக்கும், வாடும். ஆகவே, தாவரவியலாளர்களோடு காடுகளில் அலைந்து செடிகளின் இயல்பைக் கற்றார். 1949-இல் வாங்கிய தோட்டத்தில் 3,500-க்கும் மேற்பட்ட தாவர இனங்களைச் சேர்த்தார். 1985-இல் அந்தத் தோட்டத்தை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். காடழிப்பைத் துணிந்து கண்டித்தவரும் அவரே.

பேராக் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய இரப்பர் மரத்தின் தாயகமும் பிரேசில்தான். அந்நாட்டுக் கலைஞர் இங்கே பூங்கா அமைத்தபோது, பெரும்பாலும் இம்மண்ணுக்குரிய மரங்களே இடம்பெற்றன. முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்த அவ்விடத்தின் பழைய மரங்கள் சிலவும் வெட்டப்படாமல் காக்கப்பட்டன.

1994-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பர்லே மார்க்ஸ் மறைந்தார். பூங்கா 1998-இல் திறக்கப்பட்டது. அதன் நிழலில் நடக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.